கேபிள் எர்த் பிளாக்: ஆறு வருடமாக ஒரு ஸ்குரூவோடு மல்லுக்கட்டு

"கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் எர்த் பிளாக் போட்டிருக்கிறாயே, நானும் போடட்டுமா?" என்று நண்பன் கேட்டான். டிவி கேபிளின் வெளிப்பின்னலை, அதாவது உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலையை, எர்த்தோடு இணைக்கிற சின்ன உலோகத் துண்டுதான் எர்த் பிளாக். போன வாரம்தான் அதை இரண்டாம் முறையாகக் கழற்றி மாற்றியிருந்தேன். கேட்ட நேரம் சரியில்லை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளாக் போடுவதற்கு முன், டிவிக்குப் பின்னால் கையை விட்டு கேபிளைக் கழற்றினால் விரலில் சுருக்கென்று ஏறும். போட்ட அன்றோடு அது நின்றது. சிக்னல் குறையுமோ என்று பயந்தேன். மீட்டரில் அரை டெசிபல்கூடக் குறையவில்லை. நேராக வந்து விழும் இடியை இது தாங்காது, அதையும் எதிர்பார்க்கவில்லை.

தப்பு என் பக்கமும் உண்டு. முதலில் தோட்டத்தில் தனியாக ஒரு எர்த் கம்பி அடித்து அதில் இணைத்தேன். பெருமையாக வேறு இருந்தது. எலக்ட்ரீஷியன் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் வீட்டு எர்த்துக்கும் இந்தக் கம்பிக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். அது பாய்வதற்கு நடுவில் இருப்பது டிவியும் மோடமும்தான். வீட்டு மெயின் எர்த்தோடு சேர்த்துவிட்டார். சேர்க்கும் முன் கேபிளின் வெளிப்பின்னலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்த்தார். எங்காவது நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) அறுந்திருந்தால், அதில் போக வேண்டிய மின்சாரம் பின்னல் வழியே ஓடி கேபிளே சூடாகிவிடுமாம். அதனால் நண்பனிடம் "நீயே மாட்டிக்கொள்" என்று மட்டும் சொல்லவில்லை.

இனி அந்த ஸ்குரூ. எர்த் கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஒரே ஸ்குரூ, மூக்குத்தித் திருகைவிடச் சற்றே பெரிது. பிளாக் மொத்தமும் அதை நம்பித்தான் இருக்கிறது. செப்புக் கம்பி, இரும்பு ஸ்குரூ, நடுவே மழைநீர்: அரிக்கப்படுவது இரும்புதான். இரண்டாம் வருடமே தலையிலிருந்த வெட்டு மழுங்கி, கம்பியில் பச்சைக் களிம்பு. பிளாக்குக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்து விட்டதால் கனெக்டருக்குள் தண்ணீர் ஏறவில்லை. ஸ்குரூவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதைவிடக் கோபம், சர்வீஸுக்கு வருகிறவர்கள் மேல். "இது எதுக்கு சார், சிக்னலைத் தின்னும்" என்று ஒருவர் சொன்னார். கெஞ்சித் தடுத்தேன். அடுத்தவர் கேட்கக்கூட இல்லை. இரண்டு கேபிளையும் ஜாயின்ட்டர் போட்டு நேராக இணைத்துவிட்டு, பிளாக்கைச் சும்மா சுவரில் விட்டுவிட்டுப் போயிருந்தார். டிவி தெரிந்தது, அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பல மாதம் கழித்து விரலில் பழைய சுருக் ஏறியபோதுதான் வெளியே போய்ப் பார்த்தேன். வேலை செய்யாமல் கிடந்தாலும் இந்தச் சாமான் வாய் திறக்காது.

நண்பனுக்கு எழுதிய பதில்: எர்த் கட்டாயம் போடு, எலக்ட்ரீஷியனை வைத்து. ஆனால் இந்தப் பிளாக் வேண்டாம், கம்பியை அழுத்திப் பிடிக்கிற பெரிய ஸ்குரூ உள்ளதாகப் பார். என் மதிப்பெண் 5க்கு 2.

மூன்றாவதாக நான் வாங்கியதும் இதே மாடல்தான். சுவரில் இருக்கும் இரண்டு ஓட்டையும் இதற்குத்தான் பொருந்துகின்றன.