ஆகஸ்ட் விடுமுறைக் காட்டுப் பாசறை: நடை நல்லது, மரநடுகை வீண்

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தை அண்டி, 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் நான்கு நாள் பாசறை இது. காலையில் காட்டுநடை, பின்னேரம் சிரமதானம்.

நடைக்குக் குறை சொல்ல இடமில்லை. முதல் பாடமே போர்க்காலத்து மிதிவெடி. உழவு இயந்திரம் ஓடித் தேய்ந்த பாதையை விட்டு ஓரடி கூட விலக விடுவதில்லை. மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடக்கூடாது. ஆறு மணிக்கு முன் புறப்பட்டு, வெயில் ஏறமுன் ஒன்பதரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு. குடிநீர் பவுசரில் வருகிறது. ஜீவனி என்ற உப்புக்கரைசல் தூள் பைக்கற்றை அரைப் போத்தலில் கரைக்கும் பழக்கத்தை மட்டும் திருத்த வேண்டும். ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர்; செறிவு கூடினால் வயிற்றோட்டமும் கூடும்.

தங்கல் பாடசாலை மண்டபத்தில். கூடாரம் என்று கனவு கண்ட பிள்ளைகள் முகம் சுழிப்பார்கள்தான். ஆனால் வரட்சியில் யானை குளத்துக்கு இறங்குவது பெரும்பாலும் இரவில். முதலை இருக்கும் குளம் என்பதால் குளிப்பும் கிணற்றடியில்தான். இரண்டும் சரியான முடிவு.

சறுக்குவது கடைசி நாள் மரநடுகையில். ஆகஸ்டில் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடித்து மண் இறுகிக் கிடக்கும். அலவாங்கு ஓரடி இறங்கவே பாடு. பெருமழை ஒக்டோபரில்தான் தொடங்கும். அதுவரை மருதங்கன்றுக்கும் நாவற்கன்றுக்கும் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, வேலியுமில்லை. தப்புவதைக் கட்டாக்காலி மாடு மேய்ந்துவிடும். படத்துக்கு மட்டும் நட்ட கன்றுகள்.

அந்த நேரத்தை வாய்க்காலுக்குக் கொடுக்கலாம். சிறுபோக (கோடைகால நெல்) அறுவடை முடிந்து வாய்க்கால் வற்றியிருக்கும் காலம். மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்துக்கு முன் வண்டல் அள்ள இதைவிட வாய்ப்பு வராது. எந்தக் கிளை வாய்க்கால் என்பதைக் கமக்காரர் அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மண்வெட்டியும் கடகமும் போதும், கத்தி பெரியவர்களிடம் இருக்கட்டும். பற்றைக்குள் கை வைக்கமுன் நீளத் தடியால் தட்ட வேண்டும், புடையன் பாம்பு சுருண்டு கிடக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்சுக்கு அழைக்க வேண்டும்.

மரம்தான் வேண்டுமென்றால் பனை இருக்கிறது. பனம்பழம் விழும் பருவம் இது. கொட்டையைப் பொறுக்கி நிழலில் வைத்து, முதல் மழையோடு குளக்கட்டுக்கு வெளியே பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்தால் தண்ணீர் ஊற்றாமலே முளைக்கும்.

பாசறை விளம்பரத்தில் உள்ள சுண்டிக்குளம் கடல்நீரேரிப் பூநாரைக் கூட்டத்தை நம்பிக் காசு கட்டாதீர்கள். வலசைப் பறவைகளுக்கு ஆகஸ்ட் பருவமல்ல. காட்டுக்குள் போக வனவளத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா, பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது வருகிறாரா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். புதுச் சப்பாத்துப் போட்டு அனுப்ப வேண்டாம்; முதல் நாளே குதிக்கால் கொப்பளிக்கும்.