பீகிள்போன் பிளாக்: மண்டபம் கரையில் மூன்று வருடம் கடலைக் கேட்ட போர்டு

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபத்தில் போட்டுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் பழுது பார்ப்பது என் பிழைப்பு. சின்ன வயதில் மாமாவின் வத்தைப் படகில் அடிப்பலகையில் காதை ஒட்டிப் படுத்தால், எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரு சத்தம் விடாமல் கேட்கும். பாறை இடுக்கில் வாழும் சொடுக்கு இறால் தன் பெரிய கொடுக்கை வெடுக்கென மூடும்போது நீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிற சத்தம் அது. அதை ஒழுங்காகப் பதிவு செய்யும் ஆசையில்தான் மூன்று வருடத்துக்கு முன் பீகிள்போன் பிளாக் என்ற, லினக்ஸ் ஓடும் குட்டிக் கணினிப் போர்டு ஒன்று வாங்கினேன். வடகடல், தென்கடல் இரண்டு பக்கமும் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

2013-ல் வந்த போர்டு. 1 கிகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோர் கார்டெக்ஸ்-ஏ8, 512 எம்பி ராம். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் வாங்கத் தோன்றாது. அதே காசுக்கு இதைவிட வேகமான போர்டு கிடைக்கும். நான் வாங்கியது அதே சிப்புக்குள் இருக்கும் பிஆர்யு என்ற இரண்டு குட்டி பிராசசர்களுக்காக. ஒவ்வொன்றும் 200 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான கட்டளைகள் 5 நானோநொடியில் முடியும், லினக்ஸ் குறுக்கே வராது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இறாலின் சொடுக்கு அதைத் தாண்டி வெகுதூரம் போகும். அதனால் நொடிக்கு 2 லட்சம் தடவை சத்தத்தை அளந்து மாதிரி எடுக்கிறேன். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 1000 கட்டளைக்கு இடம் இருக்கிறது. வெளியே மாட்டிய 16 பிட் ஏடிசியை (சத்தத்தின் மின் அலையை எண்ணாக மாற்றும் சிப்) படித்து, ஜிபிஎஸ் தரும் நொடித் துடிப்பையும் குறித்துக்கொள்ள அது தாராளம். போர்டிலேயே ஏடிசி உண்டு, ஆனால் 12 பிட்தான், 1.8 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

படிப்பது சுலபம். படித்ததை லினக்ஸ் பக்கம் ஓடும் அப்ளிகேஷனிடம் சேர்ப்பதில்தான் இந்தப் போர்டின் அருமையும் தெரியும், சிரமமும் தெரியும்.

நொடிக்கு 400 கிலோபைட் வருகிறது. பிஆர்யுவின் சொந்த டேட்டா ராம் 8 கேபி; 20 மில்லிநொடியில் நிரம்பிவிடும். மெமரி கார்டில் எழுதும் நேரத்தில் லினக்ஸ் அதைவிட அதிகமாகத் தாமதிப்பது சாதாரணம். பிஆர்யுவும் லினக்ஸும் செய்தி அனுப்பிக்கொள்ள ஆர்பிஎம்எஸ்ஜி என்று தயாராக ஒரு வழி இருக்கிறது, ஆனால் ஒரு செய்தியில் 496 பைட்தான் போகும். நொடிக்கு 800 செய்திக்கு மேல் ஆகும், ஒவ்வொன்றையும் காப்பி எடுக்க வேண்டும். தண்ணீரின் வெப்பநிலையை அனுப்ப அது போதும், சத்தத்துக்குப் போதாது. ஆகவே பெரிய ராமிலேயே ஒரு பஃபரை (தற்காலிகச் சேமிப்பிடம்) ஒதுக்கி, பிஆர்யு அதில் நேராக எழுத, அப்ளிகேஷன் அதே இடத்தை எம்மேப் செய்து, அதாவது காப்பி எடுக்காமல் தன் மெமரிபோலவே பார்த்து, படிக்க வேண்டும்.

இதற்கு ரூட் உரிமையோடு மொத்த மெமரியையும் திறந்து வேலையை முடிக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பிஆர்யுவுக்கு, மெமரி முகவரியைக் காவல் காக்கும் எம்எம்யு கிடையாது. நீங்கள் கொடுக்கும் முகவரி தப்பாக இருந்தால் லினக்ஸின் மையமான கெர்னலின் மேலேயே எழுதிவிடும், தடுக்க ஆள் இல்லை. சின்னதாக ஒரு கெர்னல் டிரைவர் எழுதுங்கள். பஃபரை டிரைவரே ஒதுக்கட்டும், அதன் பிசிக்கல் முகவரியை டிரைவரே பிஆர்யுவிடம் சொல்லட்டும். அப்ளிகேஷனுக்கு ‘முதல் பாதி’, ‘இரண்டாம் பாதி’ என்ற எண் மட்டும் தெரிந்தால் போதும். என்னுடையதில் ஒரு பாதி 1 எம்பி, 2.6 நொடியில் நிரம்பும். நிரம்பியதும் பிஆர்யு இன்டரப்ட் கொடுக்கும், அப்ளிகேஷன் விழித்துக்கொள்ளும், அதற்குள் பிஆர்யு மறுபாதிக்குப் போயிருக்கும்.

இதை எழுதின முதல் நாள் பஃபர் முழுக்க பூஜ்யம். பிஆர்யு வெளி மெமரிக்குப் போகும் வாசல் ஆரம்பத்தில் மூடியிருக்கும். ஸ்டாண்ட்பை-இனிட் என்ற பிட்டை நிரலின் தொடக்கத்திலேயே அழித்தால்தான் திறக்கும். அதற்கு ஒரு சாயங்காலம் போனது.

இரண்டாவது தப்புக்கு ஒரு மாதம் போனது. பதிவுகள் நன்றாகவே கேட்டன. சொடுக்குகளை எண்ண ஒரு நிரல் எழுதி, மணிவாரியாக நோட்டில் குறித்து வந்தேன். ஒரு நாள் வாடைக்காற்று பலமாக அடித்ததால் கடலுக்குப் போகாமல், வீட்டில் நல்ல தண்ணீர் வாளிக்குள் ஹைட்ரோபோனை (தண்ணீருக்குள் கேட்கும் மைக்) தொங்கவிட்டேன். அதிலும் சொடுக்குகள் பதிவாகின. அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நிதானமாக ஏறி இறங்குகிறது. நடுவில் அங்கங்கே ஒரு துண்டு, வேறு இடத்தில் இருந்து வெட்டி ஒட்டியதுபோலத் தள்ளி நிற்கிறது. துண்டின் நீளத்தை எண்ணினேன். 32 மாதிரி. அடுத்த துண்டும் 32. எல்லாமே 32.

மாதிரிக்கு 2 பைட் என்றால் 64 பைட். கார்டெக்ஸ்-ஏ8-ன் கேஷ் லைன் அளவு அதுதான். கேஷ் என்பது ராமில் படித்ததைச் சிபியு தன் பக்கத்திலேயே காப்பியாக வைத்துக்கொள்ளும் இடம்; லைன் லைனாகத்தான் அதில் எடுத்து வைக்கும். பிஆர்யு ராமில் புதிதாக எழுதியது சிபியுவின் கேஷுக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சிப்பில் அதைத் தானாகத் தெரிவிக்கும் ஏற்பாடு இரண்டுக்கும் நடுவில் இல்லை. கேஷில் தங்கிவிட்ட சில லைன்கள், போன சுற்றில் அதே இடத்தில் இருந்த ஐந்தேகால் நொடிப் பழைய சத்தத்தை எடுத்துக் கொடுத்திருக்கின்றன. கடலில் அது இறால் சத்தத்தோடு கலந்து மறைந்துவிட்டது. அந்த மாதக் கணக்கு முழுவதையும் நோட்டில் அடித்துவிட்டேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

சரிசெய்ய இரண்டு வழி. கேஷ் இல்லாத கோஹிரண்ட் மெமரியாக ஒதுக்கலாம். பழைய சத்தம் வராது, ஆனால் சிபியு அதைப் படிப்பது மெதுவாகிவிடும். சத்தத்தை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கை அதன் மேலேயே நேராக ஓட்டினேன், போர்டு திணறியது. இப்போது இரண்டாவது வழிக்கு வந்துவிட்டேன்: கேஷோடு மேப் செய்து, ஒரு பாதியை அப்ளிகேஷனிடம் கொடுக்கும் முன் சிபியுவுக்காக ஒரு சிங்க் (கேஷையும் ராமையும் ஒத்துப்போகச் செய்வது), அது திரும்பி வந்ததும் பிஆர்யுவுக்காக ஒரு சிங்க். டிரைவரில் இரண்டு வரிதான். அதற்குப் பிறகு வாளியில் ஒரு சொடுக்கும் இல்லை. போன்களில் கேமராவும் கிராபிக்ஸும் ஒரே பஃபரைப் பகிர்வதிலும் இதே கவலை உண்டு. அதற்காகத்தான் சுமித் செம்வால் எழுதிய டிஎம்ஏ-பஃப் என்ற பஃபர் பகிர்வு வசதி 2012-ல் லினக்ஸ் 3.3-ல் சேர்ந்தது, சிபியு படிக்கும் முன்னும் பின்னும் சிங்க் கேட்கும் வசதி அதில் 4.6-ல் வந்தது. ஒரே டிரைவர், ஒரே அப்ளிகேஷன் என்றால் அது தேவைப்படாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்ளிகேஷன் பாதியில் செத்துப்போனாலும் பிஆர்யு எழுதிக்கொண்டேதான் இருக்கும். டிரைவர் முதலில் பிஆர்யுவை நிறுத்தி, நின்றதை உறுதி செய்த பிறகுதான் பஃபரை விட வேண்டும்.

மற்றபடி, எச்டிஎம்ஐயை அணைத்தால்தான் பல பின்கள் நமக்குக் கிடைக்கும். உப்புக்காற்றில் பின் சாக்கெட்டுகள் பச்சை பூத்துவிடும். எட்டு மாதத்தில் வயர்களை நேராகச் சாலிடர் செய்துவிட்டேன். மூடி இறுக்கமான டப்பாவும் சிலிகா ஜெல் பையும் கட்டாயம். ஒரு 12 வோல்ட் சின்ன பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்குகிறது.

மெமரியைப் பற்றி யோசிக்க விருப்பம் இல்லாதவர்களுக்கு இந்தப் போர்டு வேண்டாம். நேரம் தவறாமல் படிக்க வேண்டும், படித்ததில் ஒரு பைட்டும் தொலையக் கூடாது என்பவர்களுக்கு, வயதான போர்டு என்றாலும் தைரியமாகச் சொல்வேன்.

சிங்க் சரியான பிறகு எடுத்த இரண்டு பதிவுகளை மாமாவுக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். எங்கே எடுத்தது என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக் கேட்டவர், “முதல்ல போட்டது சகதிக் கடல். இது பார் கெடக்குற எடம், மாப்ள” என்றார். இரண்டும் சரி. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. இப்போது இரண்டாவது போர்டுக்குப் பணம் சேர்க்கிறேன். கடல் நீரில் சத்தம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், என் ஒரு மாதிரிக்கு ஏழரை மில்லிமீட்டர். இரண்டு போட்டில் இரண்டு போர்டு வைத்து ஜிபிஎஸ் துடிப்பால் இணைத்தால், அந்தப் பார் எந்தத் திசையில் இருக்கிறது என்று போர்டே சொல்லிவிடும்.