பிரேக் சக்கரமா, பெடல் சக்கரமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டு கராஜில் பட்டறை வைத்திருக்கிறேன். பகலில் டேபிள் சா (மேசை ரம்பம்) நடுவில் நிற்கணும், ராத்திரி பக்கி (பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டி) உள்ளே வரணும். 150 கிலோ இரும்பைத் தினமும் நகர்த்த எந்தச் சக்கரம் நல்லது?

விலை: பிரேக் சக்கரம் நான்கும் மலிவு, சட்டத்தை நாமே வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். பெடலை மிதித்தால் தூக்கும் வகை கூடுதல் செலவு.

உறுதி: விஷயமே இதில்தான். பிரேக் போட்டாலும் பல சக்கரங்களில், சக்கரத்தைத் தாங்கும் கழுத்து திரும்பும். ஈரமான சலிக்னா (யூகலிப்டஸ் வகை) பலகையை அழுத்தித் தள்ளும்போது என் மெஷின் ஒரு விரற்கடை நகர்ந்தது. சுற்றும் பிளேடுக்கு முன்னால் அது சின்ன விஷயமா? பெடல் வகையில் சக்கரம் மேலேறிவிடும். மெஷின் தன் சொந்தக் காலில் நிற்கும்.

தரை: தண்ணீர் வடியட்டும் என்று கராஜ் தரையை வாசல் பக்கம் சரித்திருப்பார்கள். அதோடு மேடு பள்ளமும் இருந்தால் நான்கு சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் தொங்கும். அதனால் சக்கரம் வாங்கும்போது மெஷின் எடையை நான்கால் அல்ல, மூன்றால் வகுத்துப் பாருங்கள்.

நகர்த்தல்: பிரேக் வகை எந்தப் பக்கமும் ஓடும். பெடல் வகை கொஞ்சம்தான் தூக்கும், மரத்தூள் குவியலில்கூட முட்டி நிற்கும். (பெருக்கச் சோம்பல்படுகிறவன் சொல்கிறேன்!)

டேபிள் சாவுக்கும் இழைப்பு மெஷினுக்கும் பெடல்தான். பேண்ட்சா (பட்டை ரம்பம்) தலைக்கனம் பிடித்தது, அதற்குச் சட்டமும் அகலமாக வேண்டும். துளைக்கும் மெஷின், மணல்தாள் மெஷினுக்கு பிரேக் போதும்.