உச்சிப்புளி அக்கா கடை: மீன் சாப்பாட்டுக்காகவே இறங்கலாம்

ராமேஸ்வரம் போகிறவர்கள் ராமநாதபுரத்திலேயே சாப்பிட்டுவிடுவார்கள், இல்லையென்றால் பாம்பன் தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை விட்டுவிடுவார்கள். நடுவில் உச்சிப்புளி மெயின் ரோட்டை ஒட்டி ஒரு கொட்டகைக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, ஊருக்கே அது அக்கா கடை. தயவுசெய்து அங்கே நிறுத்துங்கள்.

மதியம் மீன் சாப்பாடு 120 ரூபாய். குழம்புக்கு ராமநாதபுரம் முண்டு வத்தல்தான், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே குண்டு மிளகாய். என்ன மீன் என்பது அன்றைக்குப் புதுமடத்திலோ ஆற்றங்கரையிலோ என்ன கரையேறியது என்பதைப் பொறுத்தது. விளைமீன் கிடைத்த நாளில் போனால் அதிர்ஷ்டம், சோறு இரண்டாம் தடவை கேட்காமல் எழுந்திருக்க முடியாது. நகரை மீன் வறுவல் அவ்வளவு மொறுமொறுப்பு. கணவாய் மட்டும் சில நாள் ரப்பர் மாதிரி இழுக்கிறது. சொன்னதும், அடுப்பில் கூட நேரம் கிடந்துவிட்டது என்று அக்காவே ஒத்துக்கொண்டார்.

ராத்திரி கடை வேறு முகம் காட்டும். மெல்லிசான சப்பாத்தி, பருப்பு, முட்டை பொரியல். காரணம், ஐஎன்எஸ் பருந்து, 2009-இலிருந்து அந்தப் பெயரில் இயங்கும் கடற்படை விமானத் தளம், இந்த ஊரில்தான் இருக்கிறது. பஞ்சாப், பீகார் பக்கத்துப் பிள்ளைகள் மாற்றலாகி வருகிறார்கள், அவர்களுக்காகவே அக்கா பருப்பில் நெய்யும் சீரகமும் தாளிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அந்தப் பருப்பை நம்ம ஆட்களும் இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

பாதுகாப்புத் துறையால் ஒரு வட்டாரத்துக்கு என்ன லாபம் என்று கேட்டால் நான் இந்தக் கடையைத்தான் காட்டுவேன். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில், அதாவது ராணுவத் தளவாடத் தொழில்களை வளர்க்கும் திட்டத்தில், சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள், நம்ம மாவட்டம் அதில் இல்லை. இங்கே மழை பெய்தால் நெல்லும் மிளகாயும், கடல் கொடுத்தால் மீனும், வேறென்ன இருக்கிறது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறிவிடும், மதிய வியாபாரம் படுத்துவிடும். அப்போது கடையைத் தூக்கி நிறுத்துவது ராத்திரிச் சப்பாத்திதான், ஏனென்றால் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தடைக்காலம் கிடையாது. அடுப்படியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் மீனவர் வீட்டுக்காரர்கள். புருஷன் கரையில் நிற்கும் அந்த நாட்களில் அந்தக் கூலிதான் அடுப்பெரிக்கிறது.

ஆனால் சோறு போட்டுச் சம்பாதிப்பதோடு இது நின்றுவிடக் கூடாது. படகு இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பையன்கள் இந்தக் கரை முழுக்க இருக்கிறார்கள். தளம் உச்சிப்புளியில், கடலோரக் காவல்படை மண்டபத்தில், அப்புறம் அந்த வழித்தடத்திலிருந்து ஒரு பராமரிப்புத் தொழிற்கூடத்தை இந்தப் பக்கம் கொண்டுவருவதில் என்ன தடை? நம்ம எம்எல்ஏ, எம்பி யாராவது இதை விடாமல் கேட்க வேண்டும்.

சரி, கடைக்கு வருகிறேன். ஒன்றரை மணிக்குள் போய்விடுங்கள், இரண்டுக்கு மேல் போனால் வறுவல் இருக்காது. கார் நிறுத்த இடம் நெருக்கடி, எதிர்ப்புறம் விட்டால் ரோட்டைப் பார்த்துக் கடக்கணும், லாரிகள் வேகமாக வருகின்றன. கூகுள் பே உண்டு.