டர்பன் ஈரக்காற்றில் நாலு வருஷ மிரரிங்: டிஸ்க் கெட்டதா, ஒத்துப்போகவில்லையா?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் அலுவலகத்தின் சர்வர் இது. கணக்கு, கல்யாணப் பதிவேடுகளின் ஸ்கேன், தமிழ் வகுப்பு ஒலிப்பதிவுகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. இரண்டு 4 டெராபைட் சாட்டா டிஸ்க், டெபியன் லினக்ஸ், எம்டிஆட்ம் என்ற கருவி கொண்டு அமைத்த ரெய்டு 1, அதாவது ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரரிங். நாலு வருஷத்தில் ஐந்து முறை ஜோடி உடைந்து ஒற்றை டிஸ்க்கில் ஓடியது. அந்த ஐந்தில் டிஸ்க் உண்மையாகவே செத்தது ஒரே ஒரு முறை. மற்றதெல்லாம் வன்பொருள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கோளாறு. ஆகவே ‘ஃபெயில்டு’ என்று பார்த்தவுடனே டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

அதிகம் பேரைக் குழப்புவது நேரக் கணக்கு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் படிக்க முடியாத ஒரு செக்டரை, அதாவது டிஸ்க்கின் சிறு துண்டைக் கண்டால் விடாமல் முயலும். ஒரு நிமிஷத்துக்கு மேலும் பதில் சொல்லாமல் கிடக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் காத்திருப்பது 30 நொடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பை ரீசெட் செய்யும். டிஸ்க் இன்னும் பழைய வேலையிலேயே இருப்பதால், அடுத்து வரும் எழுதும் கட்டளையும் தோற்கும். உடனே மிரரிலிருந்து டிஸ்க் வெளியேற்றப்படும். ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக முழு டிஸ்க்கும் போய்விடுகிறது. நாஸ் வகை டிஸ்க், அதாவது பிணையச் சேமிப்புப் பெட்டிக்கென்று செய்தது, அப்படியில்லை. 7 நொடியில் ‘படிக்க முடியவில்லை’ என்று சொல்லிவிடும். மென்பொருள் அடுத்த டிஸ்க்கிலிருந்து அதே பகுதியைப் படித்து, கெட்ட இடத்தில் திரும்ப எழுதும். விஷயம் அதோடு முடிந்தது.

இதைச் சரிசெய்ய, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்சிடிஇஆர்சி என்ற தெரிவுக்கு 70,70 கொடுங்கள். அலகு நொடியில் பத்தில் ஒன்று, ஆக 7 நொடி. பல டிஸ்க்குகள் மின்சாரம் போய் வந்தால் இதை மறந்துவிடும் என்பதால், சர்வர் எழும் போதெல்லாம் ஓடும்படி ஒரு ஸ்கிரிப்டில் போட்டுவையுங்கள். டிஸ்க் அந்த வசதியே இல்லை என்று சொன்னால் மறுபக்கம் மாற்ற வேண்டும்: அந்த டிஸ்க்குக்கான கெர்னல் டைம்அவுட்டை 180 ஆக்குங்கள். கோளாறு வரும்போது சர்வர் மூன்று நிமிஷம் உறைந்து நிற்கும்; ஆனால் மிரர் உடையாது.

ஷிங்கிள் முறையில், அதாவது தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் டிஸ்க்குகளும் இதே மாதிரி தகராறு செய்யும். ரீசிங்க், அதாவது ஜோடியை மறுபடி ஒத்திசைப்பது, நடக்கும்போது அவற்றின் எழுத்து வேகம் படுத்துவிடும். நாஸ் என்று பெயர் போட்டு விற்ற டிஸ்க்குகளிலும் இந்த முறை இருந்தது 2020ல் வெளியே தெரிந்தது. வாங்குமுன் தகவல் தாளில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வழக்கமான முறை) என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்று டிஸ்க் போட்டபோது வந்தது வேறு விதமான சிக்கல். புது டிஸ்க் சுழலவே இல்லை. பயாஸிலும் தெரியவில்லை, வேறு கணினியில் மாட்டினால் ஓடியது. காரணம் சாட்டா பவர் கனெக்டரின் மூன்றாவது பின். பழைய பவர் சப்ளைகள் அதில் 3.3 வோல்ட் தருகின்றன. புதிய விதிமுறைப்படி அந்த பின்னில் மின்சாரம் இருந்தால் ‘அணைந்திரு’ என்று பொருள். டேட்டா கனெக்டரை ஒட்டிய பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது தகடு. மின்சாரம் கடத்தாத கேப்டன் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி, குறடால் பிடித்து அதன் மேல் ஒட்டினால் போதும். 3.5 அங்குல டிஸ்க் 5, 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. ஆகவே முதல் மூன்று தகடுகளையும் சேர்த்து மூடினாலும் கெடுதல் இல்லை. மோலக்ஸ் (பழைய நாலு பின் பவர் கனெக்டர்) அடாப்டர் போடுவதானால், கம்பியைப் பிளாஸ்டிக்கோடு வார்த்த வகையைத் தொடாதீர்கள். அது உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும்.

ஈரக்காற்றின் வேலை கேபிளில் தெரியும். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண், அதாவது கேபிளில் தகவல் சிதையும் சிஆர்சி பிழை, ஏறிக்கொண்டே போய், கெட்ட செக்டர்களைச் சொல்லும் 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாகவே இருந்தால் டிஸ்க் மேல் குற்றமில்லை. கேபிளை மாற்றுங்கள், டிஸ்க் செருகும் பலகையான பேக்பிளேனின் தகடுகளைத் துடையுங்கள். 199 ஏறிய எண் ஒருநாளும் இறங்காது. எனவே மாற்றிய அன்றைய எண்ணைக் குறித்துவைத்து, அதற்கு மேல் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி மின்சாரம். 2022, 2023ல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது இரண்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் விழுந்தன. இரண்டும் ஒன்றாக விழுந்தால் பவரையோ கன்ட்ரோலரையோதான் சந்தேகிக்க வேண்டும். மலிவான இன்வெர்ட்டர் தரும் படிக்கட்டு அலையை ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரம் இழுப்பதைச் சீராக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளை சில சமயம் ஏற்காது; மாறும் கணத்தில் வோல்ட்டேஜ் சரிந்துவிடும். சுத்த சைன் அலை தருவதையே வாங்குங்கள். யுபிஎஸ்ஸின் லெட் ஆசிட் பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் நிரம்பச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். ஒரு நாளில் மூன்று முறை கரண்ட் போனால் அது நிரம்பவே நிரம்பாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் விலை கூடினாலும் தாங்குகிறது.

இப்படி விழுந்த ஜோடியை அவசரப்பட்டுப் புதிதாக உருவாக்காதீர்கள். எம்டிஆட்ம் எக்ஸாமின் கொடுத்து இரண்டு டிஸ்க்கின் ஈவென்ட் எண்களையும் (மிரரின் நிலை மாறும்போது ஏறும் எண்) ஒப்பிடுங்கள். எண் பெரியதாக உள்ளதுதான் புதிய பிரதி. அதை முதலில் எழுப்பி, மற்றதை ரீ-ஆட் செய்யுங்கள். எந்தப் பகுதிகள் மாறின என்று குறித்துவைக்கும் பிட்மேப் இருந்தால் மாறிய பகுதிகள் மட்டும் நகலாகும், சில நிமிஷ வேலை. இல்லையென்றால் 4 டெராபைட்டும் நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் ஏழரை மணி நேரம் பிடிக்கும். நடுவே கரண்ட் போகும் என்று தெரிந்தால் சர்வரை ஒழுங்காக நிறுத்துங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒரே பெட்டியிலிருந்து இரட்டையாக வாங்காமல் இரண்டு நிறுவனங்களின் டிஸ்க்கை ஜோடி சேர்த்தது நல்ல முடிவு. ஆனால் பார்ட்டிஷனை டிஸ்க்கின் கடைசி வரை இழுக்காமல் 100 மெகாபைட் விட்டுவையுங்கள். 4 டெராபைட்டுக்கு வழக்கமான கணக்கு 7,814,037,168 செக்டர். மாற்றாக வரும் டிஸ்க்கில் ஒரு செக்டர் குறைந்தாலும் ஜோடி சேராது. லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப்பை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவி, முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு முறை பூட் செய்து பாருங்கள். டிரே ஒவ்வொன்றின் முகப்பிலும் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தை ஒட்டிவையுங்கள். கெட்டதை எடுக்கப்போய் நல்லதை உருவுவது அதனால்தான் தவிர்ந்தது.