ஈரப்பதத்தை அளக்க எதை நம்பலாம்? நனைந்த துணி, தலைமுடி, சில்லு, குளிர்ந்த கண்ணாடி

எங்கள் ஆய்வகத்தில் சில மாதங்கள் ஒரே அறைக்குள் இரண்டு ஈரப்பதங்கள் இருந்தன. மேசைமேல் இருந்த டிஜிட்டல் மீட்டர் 65% என்றது. சுவரில் தொங்கிய பழைய டிரை பல்ப்–வெட் பல்ப் மானியில் ஒரு பக்கம் 27 டிகிரி, மறுபக்கம் 21. அட்டவணையைப் பார்த்தால் 58% வரும். எதை நம்புவது என்று யாருக்கும் குழப்பமே வரவில்லை. ஒன்று போன வருடம் வாங்கியது, திரையில் தசமப் புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கம் காட்டுவது. மற்றது தண்ணீர்க் குப்பியில் துணித்திரி தொங்கும் சாதனம். "துணி அழுக்காயிருக்கும் சார், அதான் தப்பா காட்டுது" என்றார் உதவியாளர். நானும் தலையாட்டினேன்.

தலையாட்டியதற்கு விலை, மூன்று மாத நைலான் சோதனை முடிவுகள். அந்தக் கதையின் வழியாகவே நான்கு வகை ஈரமானிகளையும் பார்த்துவிடலாம்.

முதலில், இந்த ஏழு சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மழைக்காலத்தில் அப்பளம் நமுத்துப் போவதைப் போல நைலானும் நமுத்துப் போகும். நைலான் 6 காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். 23 டிகிரி, 50% ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறத்தாழ 3% வரை ஏற்றும். உலர்ந்த நைலானின் விறைப்பு அந்த நிலையில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பருத்தியோ நேர்மாறு, ஈரம் ஏற ஏற இழை வலுவாகும். அதனால்தான் கோவைப் பக்கத்து நூற்பாலைகள் வெயில் காலத்தில் நீர்த்துளி தெளித்துக் காற்றை நனைக்கின்றன. காற்று காய்ந்தால் நூல் அறுபடும், நிலைமின்சாரம் ஏறி இழைகள் பறக்கும். பருத்தி எடையில் 8.5% ஈரம் என்று கணக்கு வைத்தே வணிகமும் நடக்கிறது. ஆகவே துணிச் சோதனைக்கு என்று ஒரு காற்றையே தரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்: சர்வதேச அளவில் 20 டிகிரி, 65%, நம்மூர் வெப்பத்துக்கு 27 டிகிரி, 65%. எங்கள் அறையும் இந்த இரண்டாவது கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் மீட்டர் வாங்குவது வீண். நாம் சொல்லும் ஒப்பு ஈரப்பதம் என்பது காற்றில் இருக்கும் நீராவிக்கும், அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் வைத்துக்கொள்ளக்கூடிய நீராவிக்கும் உள்ள விகிதம். 27 டிகிரியில் 65% இருக்கும் காற்றை, ஒரு துளி நீரும் கூட்டாமல் குறைக்காமல், 28 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 61% ஆகிவிடும். ஒரு டிகிரிக்கு நான்கு சதவீதம். ஏசியின் வாய்க்கு நேரே வைத்த மீட்டரும் ஜன்னலோரம் வைத்த மீட்டரும் சண்டை போட்டால் இரண்டுமே உண்மை சொல்லிக்கொண்டிருக்கலாம்.

சரி, சுவரில் தொங்கியதற்கு வருவோம். இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத் துணி. தண்ணீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும். பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதற்குக் காரணமும் இதுதான். டிரை 27, வெட் 22 என்றால் 65%. வெட் 22.5 என்றால் 68%. அரை டிகிரி பிசகினாலே மூன்று சதவீதம் போய்விடுகிறது என்பது இதன் பலவீனம். நின்ற காற்றில் இது சரியாக வேலை செய்யாது. குமிழின் மேல் நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்திலாவது காற்று ஓட வேண்டும். ஆலைகளில் கையில் பிடித்துச் சுற்றும் மாதிரியை வைத்திருப்பது அதற்காகத்தான். கோயில் திருவிழாவில் கிலுகிலுப்பை சுற்றுவதுபோல் ஒருவர் அதைச் சுற்றிக்கொண்டே தறிக்கூடத்துக்குள் நடப்பார். காய்ச்சி வடித்த நீர் வேண்டும், துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து துணி விறைத்துவிடும்.

ஆனால் இதில் ஒரு குணம் உண்டு, அதைத்தான் நான் கவனிக்கத் தவறினேன். துணி அழுக்கானால் வெட் பல்ப் போதுமான அளவு குளிராது. காற்று ஓடாவிட்டாலும் குளிராது. குப்பியில் தண்ணீர் தீர்ந்தாலும் குளிராது. எல்லாத் தவறும் ஒரே பக்கம் சாய்கிறது: உண்மையைவிடக் கூடுதலான ஈரப்பதத்தைக் காட்டும். வெப்பமானிகள் இரண்டும் ஒழுங்காக இருக்கும்வரை இந்தக் கருவி குறைத்துச் சொல்ல வழியே இல்லை. எங்கள் சுவர் மானி டிஜிட்டலைவிடக் குறைவாகக் காட்டியது. "துணி அழுக்கு" என்ற விளக்கம் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போயிருக்க வேண்டும். துணி உண்மையிலேயே அழுக்காக இருந்திருந்தால் அறையின் ஈரப்பதம் 58க்கும் கீழே என்றுதான் அர்த்தம்.

அடுத்தது டிஜிட்டல் மீட்டருக்குள் இருக்கும் சில்லு. இன்று விற்கும் ஈரமானிகளில் பெரும்பாலானவை இந்த வகை. இரண்டு மின்வாய்களுக்கு நடுவே மெல்லிய பாலிமர் படலம். படலம் காற்றின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அதன் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் திறன், மாறும். ஃபின்லாந்தின் வைசாலா நிறுவனம் 1973இல் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வானிலை பலூன்களில் அனுப்ப எடை குறைந்த, வேகமான சென்சார் தேவைப்பட்டது. இப்போது அரிசி அளவுக்கு வந்துவிட்டது. மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்கும் நீல நிற டிஎச்டி11க்குப் பிழை ஐந்து சதவீதம் வரை என்று தயாரிப்பாளரே சொல்கிறார். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து எஸ்எச்டி31 வாங்கினால் இரண்டு சதவீதம். பிழை பாதிக்கும் கீழே குறைகிறது, விலை வித்தியாசம் ஒரு ஓட்டல் சாப்பாட்டுக்குப் பக்கத்தில்; இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நொடிகளில் பதில் சொல்லும், கணினியில் பதிவாகும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

குறை எங்கே? அந்தப் பாலிமர் படலம் நீராவியை மட்டும் உறிஞ்சுவதில்லை. அசிட்டோன், பசை, தின்னர் ஆவி, சில பிளாஸ்டிக் பெட்டிகளிலிருந்து கசியும் ஆவி எல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எண் நகரும். எந்தப் பக்கம் நகரும், எவ்வளவு நகரும் என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. திரை எப்போதும்போல் தெளிவாக, தசமப் புள்ளியோடு மின்னிக்கொண்டிருக்கும். வெட் பல்பின் துணி காய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். சில்லு கெட்டால் தெரியாது. எங்கள் மீட்டர் இருந்த மேசையில்தான் மாதிரித் துண்டுகளை அசிட்டோனால் துடைத்துக்கொண்டிருந்தோம். தப்பு முழுக்க எங்களுடையது.

அது காட்டிய தப்பான 65ஐ நம்பித்தான் அறைக் காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையரும் ஓடியது. எண் கூடிக்கொண்டே போனதால் அது இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அறையைக் காயவைத்தது. ஒரு மில்லிமீட்டர் நைலான் தகடுகள் வாரத்துக்கு வாரம் விறைப்பாகிக்கொண்டே வந்தன. நாங்களோ நைலானில் புதிதாகச் சேர்த்த களிமண் துகள்தான் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டோம். வரைபடம்கூட அழகாக வந்தது.

சந்தேகத்தைத் தீர்த்தது உப்பு. பழைய வித்தைதான், ஆனால் அளவியலில் இன்றும் மரியாதை உள்ள வித்தை. மூடிய ஜாடிக்குள் உப்பையும் கொஞ்சம் தண்ணீரையும் ஈரமணல் பதத்துக்குக் கலந்து வைத்தால், அதற்கு மேலிருக்கும் காற்று தானாக ஒரே ஈரப்பதத்தில் வந்து நிற்கும். சோடியம் குளோரைடு என்றால் 25 டிகிரியில் 75.3%, 30 டிகிரியில் 75.1%. அசையவே அசையாது. மெக்னீசியம் குளோரைடு 32.8%, லித்தியம் குளோரைடு 11.3%. அமெரிக்கத் தேசியத் தர நிலையத்தில் கிரீன்ஸ்பன் 1977இல் தொகுத்த இந்த அட்டவணையைத்தான் உலகம் முழுக்க இன்னும் எடுத்துப் பார்க்கிறார்கள். கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதற்கும் இதே விதிதான் காரணம். சுத்தமான உப்பு 75% தாண்டினால்தான் நீர்விடும். கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது வெகு முன்பே கசிய ஆரம்பிக்கிறது. கடற்கரை ஊர்களில் இரும்பு ஏன் மழை இல்லாத நாளிலும் துருப்பிடிக்கிறது என்பதற்கும் பாதி விடை இதில் இருக்கிறது: இரும்பின்மேல் படிந்த கடலுப்பு எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும்.

ஆய்வகத் தர உப்பில் ஜாடி தயாரித்து, சென்சாரைக் கரைசல் தொடாமல் தொங்கவிட்டு, ஏசி காற்றுப் படாத மூலையில் ஓர் இரவு வைத்தோம். காலையில் திரையில் 82. இருக்க வேண்டியது 75. சுவர் மானி சொன்ன அதே ஏழு. மெக்னீசியம் குளோரைடு ஜாடியில் 36 காட்டியது, அதாவது பிழை மூன்று மட்டுமே. எல்லா இடத்திலும் ஏழைக் கழித்துக்கொண்டால் போதும் என்ற குறுக்கு வழியும் அடைபட்டது. ஒற்றை ஜாடியோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கெட்ட சில்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எஸ்எச்டி வகைகளுக்கு அவற்றைத் தயாரிக்கும் சென்சிரியான் நிறுவனமே மருந்து சொல்கிறது: 100 டிகிரி சூட்டில் பத்து மணி நேரம் சுட்டு, பிறகு 75% ஈரத்தில் பன்னிரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அந்த 75%க்கு மறுபடி உப்பு ஜாடியே போதும். சில்லை மட்டும் தனியே கழற்றிச் சுட வேண்டும், மீட்டரை அப்படியே அடுப்பில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

தலைமுடி ஈரமானியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஜெனிவாவின் விஞ்ஞானி சோசூர் 1783இல் நூலாக எழுதி வைத்த விஷயம்: முற்றிலும் உலர்ந்த நிலையிலிருந்து முழு ஈரத்துக்குப் போகும்போது மனித முடி இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீளும். நெம்புகோல் வைத்து அந்த நீட்சியைப் பெருக்கினால் முள் நகரும். சுருட்டை முடிக்காரர்களுக்கு மழை வருவது கருவி இல்லாமலே தெரியும் என்பது வேறு. சுற்றும் உருளையில் வாரம் முழுக்கக் கோடு போடும் மாதிரி அருங்காட்சியகங்களில் இன்னும் கண்ணில் படும். மின்சாரம் வேண்டாம், பார்வைக்கு அழகு. ஐந்து சதவீதத் துல்லியத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. காய்ந்த காற்றிலேயே நீண்ட நாள் இருந்தால் கணக்குத் தப்பும். ஈரத் துணி சுற்றி உயிர் கொடுக்க வேண்டும். ஆய்வகத்துக்கு வேண்டாம்.

குளிர்கண்ணாடி வேறு ஜாதி. சிறு கண்ணாடியை மின்சாரத்தால் குளிர்வித்துக்கொண்டே போவார்கள். முதல் பனி படியும் கணத்தில் ஒளி சிதறும், அப்போதைய வெப்பநிலைதான் பனிநிலை. ஆங்கிலேய விஞ்ஞானி டேனியல் 1820இல் ஈத்தரை ஆவியாக்கிச் செய்ததைத்தான் இன்று ஒளிக்கற்றையும் மின்குளிர்விப்பானும் செய்கின்றன. எங்கள் 27 டிகிரி, 65% காற்றுக்குப் பனிநிலை சுமார் 20 டிகிரி. அதில் 0.2 டிகிரி பிசகினாலும் ஈரப்பதத்தில் ஒரு சதவீதம்கூடப் பிசகாது. எந்தப் பாலிமரையும் நம்பாமல் நேரடியாக இயற்பியலை அளக்கிறது, அதனால்தான் மற்ற மீட்டர்களைத் திருத்தும் நிலையங்கள் இதை வைத்திருக்கின்றன. விலை லட்சங்களில் போகும். கண்ணாடியில் உப்புத்தூசி பட்டால் பனி முன்கூட்டியே படியும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே படிந்தது உறைபனியா, உறையாத நீரா என்ற குழப்பமும் உண்டு. இரண்டுக்கும் கணக்கு வேறு.

லித்தியம் பேட்டரி செய்யும் உலர் அறைக்கு இந்தச் செலவு தப்பாது. அங்கே பனிநிலை மைனஸ் 40 டிகிரி அல்லது அதற்கும் கீழே வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்குள் ஊற்றும் மின்பகுளித் திரவத்தில் உள்ள லித்தியம் உப்பு தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற அரிக்கும் நச்சு உண்டாகும். மைனஸ் 40 என்பது 23 டிகிரி அறையில் அரை சதவீத ஈரப்பதம்கூட இல்லை. இரண்டு சதவீதம் பிழையுள்ள சில்லை அங்கே வைத்து என்ன படிப்பது?

மறுமுனையில், மின்னணுச் சில்லுகளை 85 டிகிரி, 85% ஈரத்தில் ஆயிரம் மணி நேரம் வேகவைக்கும் சோதனை அறைகள் பலவற்றில் இன்றும் அளப்பது வெட் பல்ப்தான். பாலிமர் படலம் அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் நாளடைவில் நகர்ந்துவிடும். துணித்திரியை மாற்றினால் போதும். நவீனச் சில்லுகளின் ஆயுளுக்குச் சான்றிதழ் கொடுப்பது நனைந்த துணி என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

கல்லூரி ஆய்வகத்துக்கோ சின்ன ஆலையின் சோதனை அறைக்கோ என்னைக் கேட்டால்: எஸ்எச்டி வகைச் சில்லு இரண்டு, அறையின் இரு மூலைகளில், கரைப்பான் பாட்டில்களுக்கு எட்டாத தூரத்தில். விசிறி வைத்த வெட் பல்ப் ஒன்று. இரண்டு உப்பு ஜாடிகள், மாதம் ஒருமுறை சில்லுகளுக்கு. எல்லாம் சேர்த்தாலும் ஒரு குளிர்கண்ணாடி விலையின் பக்கத்தில்கூட வராது. டிஎச்டி11ஐ மாணவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

சில்லும் துணியும் மறுபடி சண்டை போட்டால் முதலில் யார் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். துணி கூடுதலாகச் சொன்னால் அதைத் துவைத்துவிட்டு மறுபடி படிக்கலாம். சில்லு கூடுதலாகச் சொன்னால் நேராக ஜாடிக்கு. எங்கள் அறையில் அசிட்டோன் பாட்டில் இப்போது வராந்தாவில் இருக்கிறது. களிமண் துகளின் விளைவை மறுபடி அளந்தோம். விறைப்பைக் கூட்டத்தான் செய்கிறது, முதலில் வரைந்ததில் பாதி அளவுக்கு.