"டிஃபென்ஸ் ஆர்டர்" என்று முனை பிரேக் டிராயிங் கொண்டு வருகிறார்கள்: மதுரைப் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் கவனத்துக்கு

கப்பலூர் சிட்கோ, கே.புதூர், செல்லூர், விருதுநகர் பக்கம் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைக்காரர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். என் கையிலிருந்து போனது 92,000 ரூபாய். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. நான் கடைந்து கொடுத்த 12 துப்பாக்கி உதிரிகள் இப்போது யார் கையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

என் பட்டறையில் இரண்டு லேத், ஒரு மில்லிங், தவணையில் எடுத்த, கணினியில் ஓடும் ஒரு சின்ன சிஎன்சி மெஷின். நானும் என் தம்பி மகனும், உதவிக்கு இரண்டு பையன்களும். சிவகாசி அச்சகங்களுக்கு ரோலர் ஷாஃப்ட், எண்ணெய் ஆட்டும் மெஷினுக்கு உதிரி, போர்வெல் பம்புக்குக் கப்ளிங் என்று ஓடும். சிஎன்சி வந்ததிலிருந்து மாசம் 5-ஆம் தேதி நெருங்கினாலே வயிற்றைக் கலக்கும். மெஷின் நின்றாலும் தவணை நிற்காது. அந்த நிலையில் ஆர்டர் என்று வாசலில் வந்து நிற்பவரிடம் நாலு கேள்வி கேட்க வாய் வராது. உங்களில் பலருக்கும் இது தெரியும்.

ஆவணி மாசம், நாங்கள் இன்சர்ட் (லேத்தில் இரும்பை வெட்டும் முனை) வாங்கும் கடையில் பழக்கமான ஒருவர் ஒரு ஆளை அழைத்து வந்தார். வந்த ஆள், ஓசூர் கம்பெனி ஒன்றில் பர்சேஸ் மேனேஜர் என்று அட்டை நீட்டினார். ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்யும் அரசு நிறுவனத்துக்குத் தாங்கள் உதிரி பாகம் கொடுப்பதாகச் சொன்னார். "டிஃபென்ஸ் காரிடார்ல சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி அஞ்சு ஊர்தாண்ணே இருக்கு. அடுத்து மதுரைதான். இப்பவே வெண்டரா உள்ள வந்துட்டீங்கன்னா உங்க பிள்ளைக காலத்துக்கும் வேலை இருக்கும்" என்றார். ராணுவத் தளவாடத் தொழிலுக்கென்று அரசு அறிவித்த வழித்தடம் அது, அந்த ஐந்து ஊரும் சரிதான். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்தபோது பேப்பரில் நானே படித்திருக்கிறேன். அது சரியாக இருந்ததால் மீதியையும் நம்பினேன்.

மடிக்கணினியைத் திறந்து அமெரிக்காவில் எடுத்த வீடியோக்களைக் காட்டினார். அங்கே இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைகூடத் தானே வடிவமைத்து, தன் பெயரைப் பொறித்து, முனை பிரேக் விற்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ரைஃபிள் குழலின் வாயில் மரையில் முறுக்கிப் பொருத்தும் சின்ன உருளை அது. தோட்டாவுக்குப் பின்னால் பீறிட்டு வரும் வாயு, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவரில் மோதிப் பக்கவாட்டுத் துளை வழியாக வெளியேறும். மோதும்போது துப்பாக்கியை முன்னால் தள்ளும். அதனால் தோளில் விழும் உதை குறையும். சத்தம் குறையாது, சுடுபவனுக்கும் பக்கத்தில் நிற்பவனுக்கும் காது இன்னும் அடைக்கும். அமெரிக்காவில் சைலன்சருக்குத்தான் 1934-லிருந்து கட்டாயப் பதிவு எல்லாம். பிரேக் அந்தச் சட்டத்துக்குள் வராது. அதைக் காட்டி, "இது சாதா உதிரி பாகம்ணே, இதுக்கு ஒண்ணும் தேவையில்ல" என்றார். அந்த நாட்டுச் சட்டம் நம் ஊரில் செல்லாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. அதை மறைக்க விரும்பவில்லை. ஷாஃப்டும் கப்ளிங்குமாகவே கடைந்தவனுக்கு இப்படி ஒன்று கையில் வருவது பெரிய விஷயம். தோட்டா போகும் துளைக்கும் மரைக்கும் மையம் ஒன்றாக இருக்க வேண்டும். துளி விலகினாலும் தோட்டா போகிற போக்கில் சுவரில் உரசிவிடும். அதனால் மரை, முகம், துளை மூன்றையும் ஒரே பிடியில், லேத்தில் உருப்படியைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து கழற்றாமல் முடித்தோம். மைய விலகலைக் காட்டும் டயல் வைத்துச் சுற்றிப் பார்த்தால் முள் அசையாது. பக்கவாட்டுத் துளையைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்தால் உதை இன்னும் குறையும் என்று தம்பி மகன் கணக்குப் போட்டுச் சொன்னான். ராத்திரி பதினோரு மணிக்கு உள் விளிம்பில் இருந்த பிசிறை அவன் ஊசி அரத்தால் எடுத்துக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. முடித்த ஒவ்வொன்றிலும் மரைப் பக்கத்து முகத்தில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்தேன். அது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம்.

பணக் கதை சின்னது. "வெண்டர் கோடு" வாங்க 65,000 ரூபாய் முன்பணம் கேட்டார். ஜிபேயில் அனுப்பினேன், ஒரு தனி ஆளின் கணக்குக்கு. இ.என் 24 என்ற உறுதியான எஃகு ராடு, இன்சர்ட், ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் சேர்ந்து 27,000. எட்டு நாள் மெஷின் ஓடியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 20 சாம்பிளில் முடிந்திருந்த 12-ஐ ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனார். டெலிவரி சலான் போடுகிறேன் என்றதற்கு, "டிஃபென்ஸ் சாமான்ணே, பேப்பர்ல வரக்கூடாது" என்று தடுத்தார். பர்சேஸ் ஆர்டர் திங்கட்கிழமை வரும் என்றார். மூன்று திங்கட்கிழமை போனது. அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப்.

அப்போதும் பணம் போச்சு என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தவர் திருமங்கலம் பக்கத்து ஊர்க்காரர், ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து மோட்டார் ஷாஃப்டைக் கொண்டு வந்தார். மேஜையில் கிடந்த மீதி எட்டில் ஒன்றை எடுத்தார், அதன் துளை வாயைத் திருப்பிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"தம்பி, இத யாரு கேட்டது?"

சொன்னேன். டிராயிங்கைக் கேட்டு வாங்கினார். அளவெல்லாம் மில்லிமீட்டர், மரை மட்டும் அரை அங்குலம், அங்குலத்துக்கு 28 சுற்று. "இது அமெரிக்க ரைஃபிள்ல சாதாரணமா வர்ற மரை. டிராயிங் நம்பர் எங்க? யாரு கையெழுத்து? எந்த இன்ஸ்பெக்டர் வந்து பாத்தாரு?" ஒன்றுக்கும் பதில் இல்லை. உண்மையான ராணுவ வேலை என்றால் ராடின் சோதனைச் சான்றிதழிலிருந்து ஒவ்வொன்றுக்கும் காகிதம் இருக்கும், சாம்பிளை யாரும் மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு போகமாட்டார்கள் என்றார். ஒருமுறை அந்த ஆளிடம் நான் சந்தேகமாகக் கேட்டபோது ஏர் ரைஃபிள் கிளப்புக்கும் போகும் என்று சொன்னதைச் சொன்னேன். "காத்துத் துப்பாக்கிக்கு எதுக்குப்பா இ.என் 24? அதுக்கு அலுமினியமே போதும்."

மறுநாள் தெரிந்த வக்கீலிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நம் தொழிலில் இருக்கும் பலருக்கு இது தெரியாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் ஆயுதத்தின் பாகங்களும் அடக்கம். ஆயுதம் தயாரிக்கும் இயந்திரமும் அடக்கம். சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கும் இணைப்புகளைத் தனியாகவே சொல்லியிருக்கிறது. உரிமம் இல்லாமல் தயாரித்தாலோ விற்றாலோ, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். "இது உதையைத்தான குறைக்குது, சத்தத்த இல்லையேன்னு வாதாடலாம். ஆனா அத நீங்க உள்ள இருந்துக்கிட்டுத்தான் வாதாடணும்" என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது தம்பி மனைவி தன் மகனைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

வக்கீலையே கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மீதி எட்டு, டிராயிங், ஜிபே ரசீது, வாட்ஸப் பேச்சு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தோம். சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கொடுத்திருக்கிறார்கள். விசாரணைக்கு மூன்று தடவை போய் வந்துவிட்டேன். இன்னும் கூப்பிடுவார்கள், போவேன்.

அந்த ஆளின் அட்டையில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை முதல் நாளே பார்த்திருந்தால் இவ்வளவும் இல்லை. விலாசம் ஓசூர், எண் தொடங்குவது 29-இல். தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும், 29 கர்நாடகா. ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தபோது பதிவே ரத்தாகியிருந்தது. பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிறுதொழிலுக்குப் பணம் 45 நாளில் வந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதற்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வாங்கியவன் யார் என்று காட்ட ஒரு சலான்கூட இல்லாதபோது யார்மேல் புகார் போடுவது? சலான் வேண்டாம் என்று அவர் சொன்ன அன்றே நான் பையைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும்.

இதே ஆள் வேறு பட்டறைகளுக்கும் போயிருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். ஒரு இடத்தில் "எக்ஸாஸ்ட் நாசில்" என்று சொல்லியிருக்கிறார், இன்னொரு இடத்தில் "ஸ்பிரேயர் பாகம்". பெயர் எதுவானாலும் டிராயிங் இப்படி இருக்கும்: விரல் நீள உருளை, ஒரு பக்கம் உள்மரை, நடுவில் நேராக ஊடுருவும் ஒரு துளை, இரண்டு பக்கமும் எதிரெதிராக வாய் திறந்த மூன்று அறைகள். கீழே கம்பெனி பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். எங்கே பொருத்துவது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். வந்தால் வேலையை எடுக்காதீர்கள், டிராயிங்கைப் படம் எடுத்து வையுங்கள், ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே கடைந்து கொடுத்தவர்கள் இருந்தால் பயந்து மறைக்காமல் ஒரு வக்கீலோடு போய் நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வெளியே போன அந்த 12-லும் மரைப் பக்கத்து முகத்தில் ஒற்றைப் பஞ்ச் புள்ளி இருக்கும். பழைய இரும்புக் கடையிலோ, வேறு பட்டறை மேஜையிலோ, யாருடைய பையிலோ கண்ணில் பட்டால் கையில் எடுக்காமல் 100-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.